வால்வு மாற்றும் முன் தொழிலைச் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

"எல்லாம் நீங்களே பார்த்துச் செய்யுங்க சார்." இதய வால்வை மாற்ற வேண்டும் என்றதும் நம் பக்கத்தில் பெரும்பாலும் வரும் பதில் இதுதான். நம்பிக்கையில் சொல்வது, அதில் குறை இல்லை. ஆனால் எந்த வால்வு என்பதில் பாதி விஷயம் டாக்டருக்குத் தெரியாது. அது உங்களிடம்தான் இருக்கிறது.

உலோக வால்வு பல பத்தாண்டுகள் உழைக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990 முதல் பொருத்தப்பட்டுவரும் சித்ரா வால்வு இந்த வகைதான். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை அடிக்கடி. மாடு, பன்றித் திசுவில் செய்த வால்வுக்குப் பெரும்பாலும் அந்த மாத்திரை நீண்ட நாள் தேவைப்படாது. ஆனால் 10, 15 ஆண்டுகளில் தேயும், சின்ன வயதுக்காரர்களுக்கு இன்னும் சீக்கிரம். அப்புறம் மறுபடி சிகிச்சைதான். (பன்றி, மாடு என்றதும் மனசு ஒப்பாதவர்கள் இருப்பார்கள். அதையும் வாய்விட்டுச் சொல்லலாம்.)

வயதை மட்டும் பார்த்தால் 30 வயதுப் பெண்ணுக்கு உலோக வால்வு என்று எழுதிவிடுவோம். அவர் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கிப் பாறையில் பாசி பிய்க்கிறவருக்குக் கீறல் படாத நாள் உண்டா? மாத்திரை சாப்பிடும் உடம்பில் அந்த ரத்தம் லேசில் நிற்காது. இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற நினைப்பு இருந்தால் அது இன்னும் பெரிய விஷயம், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் அந்த வார்ஃபாரின் மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடியது. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது அவர் இதைச் சொல்ல மாட்டார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது எங்கள் வேலை. பல டாக்டர்கள் கேட்பதில்லை என்பதும் உண்மை. ஓ.பி. கூட்டத்தில் நேரமில்லை என்பார்கள், எனக்கு அது சமாதானமாகப் படவில்லை.

அதனால் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: என்ன தொழில், ரத்தப் பரிசோதனைக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும், கூட வர ஆள் உண்டா என்று.

விசைப்படகுக்காரர்கள், "தடைக்காலத்தில் வச்சுக்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, 61 நாள் எப்படியும் கரையில்தான். வெட்டிய நெஞ்செலும்பு கூடவும் இரண்டு மூன்று மாதம் ஆகும். சில சமயம், அதுவரை தாங்காது என்று சொல்வோம். ஏன் தாங்காது என்று எக்கோ ரிப்போர்ட்டை (இதய ஸ்கேன்) வைத்து விளக்கச் சொல்லுங்கள்.