மேடையில் நன்றாகப் பேசுகிறவர் டி.வி. மைக் முன்னாலும் பேசிவிடுவாரா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு ரசாயன ஆலையில் மனிதவளப் பிரிவில் இருக்கும் சகோதரி அனுப்பியிருக்கிறார். "சார், எங்கள் ஆலையில் ஏதாவது விபத்து நடந்தால் டி.வி.க்காரர்களிடம் பொது மேலாளர் (ஜி.எம்.) பேசுவார் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவர் மேடையில் அருமையாகப் பேசுவார், அது போதுமா? வக்கீல் வேறு, வருத்தம் தெரிவிக்கிற மாதிரி எதையும் சொல்லக்கூடாது என்கிறார். எப்படித் தயார் செய்வது?"

போதாதும்மா. மேடையில் நாம் பேசுவதைக் கேட்கவே வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆலை வாசலில் பத்து மைக் ஒரே நேரத்தில் முகத்துக்கு நேராக நீளும், கேட்டுக்கு வெளியே யாரோ அழுதுகொண்டிருப்பார்கள், பாதி வாக்கியம் பேசுவதற்குள் அடுத்த கேள்வி வந்து விழும். அதற்குத் தனியாகப் பழக வேண்டும்.

உங்களுடையது ரசாயன ஆலை என்பதால் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 2014 ஜனவரி 9, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம். சார்லஸ்டன் நகரத்தில் எல்க் ஆற்றங்கரையில் இருந்த ஃப்ரீடம் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் தொட்டியிலிருந்து, நிலக்கரி கழுவப் பயன்படும் ரசாயனம் கசிந்து ஆற்றில் கலந்துவிட்டது. ஊருக்குக் குடிநீர் எடுக்கும் இடம் அதற்குக் கொஞ்சம் கீழேதான். சுமார் 3 லட்சம் பேருக்கு, குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், அதில் சமைக்காதீர்கள், குளிக்காதீர்கள் என்று உத்தரவு. மறுநாள் கம்பெனித் தலைவர் கேரி சதர்ன் கேமரா முன் வந்தார். இன்றைக்கு ரொம்ப அலைச்சல் என்கிற மாதிரி சொல்லிக் கிளம்பப் பார்த்தார், நிருபர்கள் விடவில்லை. பேசும்போதே கையிலிருந்த பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். தொண்டை வறண்டிருக்கும், யாராக இருந்தாலும் குடிப்போம். ஆனால் குழாயைத் திறக்கவே பயந்துபோய் வீட்டில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் அதைப் பார்த்தார்கள். அன்றைக்கு அவர் சொன்ன பதில் எதையும்விட அந்த ஒரு மிடறுதான் மனதில் நின்றது. "அந்தப் பாட்டிலை இப்படிக் கொடுங்கள் சார்" என்று சொல்ல ஒருத்தர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நான் தயாரிப்பு என்று சொல்வதில் பாதி இதுதான்.

அதனால் உங்கள் ஜி.எம். மனதில் முதலில் பதிய வேண்டியது, கேட்பது நிருபராக இருந்தாலும் பதில் நிருபருக்குப் போகவில்லை என்பது. உள்ளே ஷிஃப்டில் இருந்தவருடைய மனைவி பக்கத்து வீட்டு டி.வி.யில் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகத்தை நினைத்துப் பேசினால் குரல் தானாகவே மாறும்.

அப்புறம் விவரம். நன்றாகப் பேசுகிறவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம், தெரியாத இடத்தையும் வார்த்தையால் நிரப்பிவிடுவார்கள். பைட், அதாவது கேமரா முன் பேட்டி, கொடுக்கப் போவதற்கு முன்னால் ஆலைக்குள்ளிருந்து ஒரே ஒருவர், ஒரே தாளில், உறுதியானதை மட்டும் எழுதித் தர வேண்டும். என்ன நடந்தது, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம், அடுத்து எத்தனை மணிக்கு வந்து பேசுவோம், இந்த மூன்றும் இருந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குப் போதும். காரணம் பற்றி ஊகமாக ஒரு வார்த்தைகூட வேண்டாம். காயம்பட்டவர்கள், இறந்தவர்கள் பெயரைக் குடும்பத்துக்குச் சொல்லாமல் கேமராவில் சொல்லவே கூடாது. தெரியாததைக் கேட்டால் "அது இன்னும் எங்களுக்கு உறுதியாகவில்லை, ஆறு மணிக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் ஆறு மணிக்கு வந்து நிற்க வேண்டும். "கருத்துச் சொல்ல விரும்பவில்லை" என்றால் எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம் எடுப்பார்கள்.

ஒத்திகையை உட்காரவைத்து நடத்தாதீர்கள். வாசலில், வெயிலில் நிற்க வையுங்கள், நாலு பேர் செல்போனை நீட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் கத்திக் கேட்கட்டும், ஒருவர் வீடியோ எடுக்கட்டும். "மூடி மறைக்கிறீர்களா?" என்று கேளுங்கள். "நாங்கள் எதையும் மூடி மறைக்கவில்லை" என்றுதான் முதலில் வாயில் வரும், எல்லாருக்கும் அப்படித்தான். சாயங்காலம் டி.வி. திரையின் அடியில் ஸ்க்ரோலில் ஓடப்போவது அந்த "மூடி மறைக்க" என்ற வார்த்தைதான். அதை வாங்கித் திருப்பிச் சொல்லாமல், "எங்களிடம் உள்ள விவரம் எல்லாம் கலெக்டரிடம் கொடுத்துவிட்டோம்" என்று உண்மையில் செய்ததைச் சொல்லப் பழக்குங்கள். கொடுத்திருந்தால் மட்டும்தான், கொடுக்காமல் சொல்லிவிட வேண்டாம்!

ஒருமுறை நான் பயிற்சி கொடுத்த இடத்தில் ஒரு அதிகாரி எல்லாக் கேள்விக்கும் பிசகாமல் பதில் சொன்னார். கடைசியில் நான் ஒன்றும் கேட்காமல் மைக்கை நீட்டியபடியே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து விநாடி இருக்கும். "அந்த வால்வைப் பற்றிப் போன மாசமே சொல்லியிருந்தாங்க சார்" என்றார். யாரும் கேட்கவில்லை. பதில் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு நிற்பதையும் ஒத்திகையில்தான் பழக வேண்டும். இன்னொன்று, அந்த வால்வு விஷயத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் சரியாகிவிடுமா? ஆகாது. அதை முதலில் சரிசெய்ய வேண்டும், எந்தப் பயிற்சியும் அதை மறைக்க உதவாது, உதவவும் கூடாது.

தமிழிலேயே ஒத்திகை பாருங்கள். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தயாரித்துவிட்டு, தமிழ்ச் சேனல் மைக் வந்ததும் அங்கேயே மனதுக்குள் மொழிபெயர்த்து, "துரதிர்ஷ்டவசமான நிகழ்வு" என்று சுற்றறிக்கை மாதிரி பேசுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரு மதிப்பும் இல்லை.

வக்கீல் விஷயம். அவர் பயம் நியாயம்தான், தப்பை ஒப்புக்கொள்வதாக ஆகிவிடக்கூடாது என்று பார்க்கிறார். ஆனால் துக்கத்தைச் சொல்வது வேறு, பொறுப்பை ஏற்பது வேறு. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்த சமயம், பி.பி. என்ற எண்ணெய் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி டோனி ஹேவர்ட் மன்னிப்புக் கேட்கவே செய்தார், அதோடு நிறுத்தாமல் தனக்குத் தன் பழைய வாழ்க்கை திரும்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். செத்தவர்களின் குடும்பத்துக்கு எது திரும்பும்? பிறகு அதற்கும் தனியாக மன்னிப்புக் கேட்டார், அந்த வருஷமே பதவியும் போனது. "எங்களோடு வேலை பார்த்தவர்களை இழந்துவிட்டோம், அவர்கள் குடும்பத்தோடு இருக்கிறோம்" என்பதில் எந்தச் சட்டப் பொறுப்பும் ஏறாது என்பது என் கருத்து, உங்கள் வக்கீல் வேறு மாதிரி சொன்னால் எந்த வார்த்தை இடிக்கிறது என்று அவரிடமே கேட்டு மாற்றி எழுதுங்கள். இந்த வாரமே உட்கார்ந்து அந்த ஒரு வரிக்கு அவர் கையெழுத்தை வாங்கி ஜி.எம்.மிடம் கொடுத்துவிடுங்கள், விபத்து நடந்த ராத்திரியில் வக்கீல் போனை எடுப்பாரா என்று காத்துக்கொண்டிருக்க முடியாது.