ஜனவரி 7: ஒரு தேதிக்கு இரண்டு பெயர்

வணக்கம், நேயர்களே.

கம்போடியாவில் ஜனவரி 7 அரசு விடுமுறை. ஆளுங்கட்சிக்கு அது விடுதலை நாள். எதிரணியில் பலருக்கு அது அந்நியப் படை தலைநகருக்குள் நுழைந்த நாள். 1979இல் அன்றுதான் வியட்நாம் படை நோம் பென் நகரைப் பிடித்தது, போல் பாட்டின் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி விழுந்தது. அந்தப் போர் நியாயமா, அதனால் யாருக்காவது நன்மை விளைந்ததா என்பதுதான் இன்றைய பேச்சு.

கெமர் ரூஜ் ஆட்சியைப் பிடித்த 1975 ஏப்ரல் 17இலிருந்து அந்த நாள் வரை 3 ஆண்டு, 8 மாதம், 20 நாள். கம்போடியர்கள் இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏறத்தாழ 80 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 15 முதல் 20 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டார்கள். சராசரியாகப் பார்த்தாலும் மாதத்துக்கு 30,000 பேருக்குக் குறையாது. பொறுத்திருந்து பார்த்திருக்கலாமே என்று சொல்பவர்கள் இந்த எண்ணையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால், இந்தச் சாவுகளைத் தடுக்கவா வியட்நாம் போனது? இல்லை. 1975 வரை வியட்நாம் கம்யூனிஸ்ட் கட்சியும் கெமர் ரூஜும் தோழர்கள். 1977 கடைசி வரை போல் பாட்டின் கொடுமைகளைப் பற்றி வியட்நாம் தலைநகர் ஹனோய் வெளியே வாய் திறக்கவில்லை. பிரச்சினை எல்லையில் வந்தது. 1977 ஏப்ரலிலிருந்து கெமர் ரூஜ் படைகள் வியட்நாம் கிராமங்களுக்குள் புகுந்து வெட்டிக் கொன்றன. அந்த டிசம்பரில் வியட்நாம் உள்ளே போய் அடித்துவிட்டு ஜனவரியில் திரும்பி வந்தது. 1978 பிப்ரவரி 5ஆம் தேதி ஒரு சமரசத் திட்டத்தை முன்வைத்தது: எல்லையின் இரு பக்கமும் ஐந்து ஐந்து கிலோமீட்டர் படை விலக வேண்டும், அதைச் சர்வதேசப் பார்வையாளர்கள் கண்காணிக்க வேண்டும். போல் பாட் மறுத்தார். ஏப்ரலில் பா சுக் என்ற வியட்நாம் ஊர் தாக்கப்பட்டது. பன்னிரண்டு நாட்களில் 3,157 பேர் கொல்லப்பட்டார்கள். கோயிலுக்குள் ஒளிந்தவர்களையும் விடவில்லை. அவர்களுடைய மண்டை ஓடுகளை இன்றும் அங்கே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், வயது வாரியாக அடுக்கி.

ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவு தற்காப்புக்கு இடம் தருகிறது. பேசிப் பார்த்தாயிற்று, அடித்துவிட்டுத் திரும்பியும் பார்த்தாயிற்று, தாக்குதல் நிற்கவில்லை. அதனால் 1978 டிசம்பர் 25ஆம் தேதி ஒன்றரை லட்சம் வீரர்களுடன் தொடங்கிய போருக்கு முகாந்திரம் இருந்தது என்பது என் உறுதியான கருத்து. கெமர் ரூஜ் தன் படையில் பெரும்பகுதியை எல்லையோரத்திலேயே குவித்திருந்தது. வியட்நாம் டாங்கிகள் நெடுஞ்சாலைகள் வழியாக அதைச் சுற்றிக்கொண்டு போக, பின்னால் தடுக்க ஆளில்லை. பதினான்கு நாளில் தலைநகர் விழுந்தது.

அந்த வேகத்துக்கு ஒரு பயன் இருந்தது. நோம் பென்னில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கெமர் ரூஜ் எஸ்-21 என்ற சிறையாக்கியிருந்தது. ஊரே காலியாகக் கிடக்க, பிண வாடை வந்த திசையில் நடந்து வியட்நாமியர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். வகுப்பறைகளில் இரும்புக் கட்டில்கள், அவற்றில் விலங்கோடு உடல்கள். கடைசியாகக் கொல்லப்பட்ட 14 பேரை அந்த முற்றத்திலேயே புதைத்தார்கள். சிறைத் தலைவர் டுய்க் ஓடும்போது ஆவணங்களை எரிக்க அவகாசம் இருக்கவில்லை. கைதிகளின் புகைப்படங்கள், வாக்குமூலங்கள், கொலைப் பட்டியல்கள் எல்லாம் அப்படியே சிக்கின.

இனி ஐ.நா.வுக்குப் போவோம். பாதுகாப்புச் சபையில் வியட்நாம் தூதர் ஹா வான் லாவ் இரண்டு போர்கள் நடந்ததாக வாதிட்டார். ஒன்று வியட்நாமின் தற்காப்பு, மற்றொன்று கம்போடிய மக்களின் புரட்சி, ஆட்சியைக் கவிழ்த்தது இரண்டாவதுதான் என்றார். பெரும்பாலான நாடுகள் நம்பவில்லை. மக்களைக் காப்பாற்றப் போனோம் என்று வியட்நாமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது, ஆட்சி எவ்வளவு கொடியதானாலும் வெளியார் கவிழ்க்கக்கூடாது என்று பிரான்ஸே பேசியது. 1979 நவம்பரில் பொதுச்சபை 91க்கு 21 என்ற வாக்கில் அந்நியப் படைகள் வெளியேறச் சொன்னது. அதற்கு முன்பே செப்டம்பரில், 71க்கு 35 என்ற வாக்கில், கம்போடியாவின் நாற்காலியைக் கெமர் ரூஜுக்கே விட்டுக்கொடுத்திருந்தது. கொன்றவர்களே கொல்லப்பட்டவர்களின் பெயரால் அங்கே உட்கார்ந்தார்கள். நாற்காலியைக் காலியாக வைத்திருக்கலாம் என்ற யோசனையும் இருந்தது. அதை ஏற்காதது மன்னிக்க முடியாதது.

இந்த எதிர்ப்பைத் தென்கிழக்காசியாவில் முன்னின்று நடத்தியவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த தமிழர், சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். 1980இல் அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த தனபாலனும் தமிழர்தான். பெரிய அண்டை நாடு படையனுப்பிச் சிறிய நாட்டின் அரசை மாற்றலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் எங்களுக்கு என்ன பாதுகாப்பு என்பது சிங்கப்பூரின் கேள்வி. சிறிய நாட்டின் நியாயமான பயம் அது. ஆனால் அந்தப் பயத்துக்குக் கெமர் ரூஜின் கையில் நாற்காலி தேவைப்படவில்லை. இந்தியா வேறு வழியில் போனது. 1980 ஜூலையில் இந்திரா காந்தி அரசு நோம் பென்னில் வியட்நாம் அமைத்த புதிய அரசை அங்கீகரித்தது. 1986இலிருந்து நம் தொல்லியல் துறை அங்கோர் வாட்டில் புனரமைப்பு வேலை செய்தது அந்த உறவால்தான்.

மக்கள் எப்படிப் பிழைத்தார்கள்? கெமர் ரூஜ் பணத்தையே ஒழித்துவிட்டிருந்ததால் புதிய அரசு ஊழியர்களுக்கு அரிசியைத்தான் சம்பளமாகக் கொடுத்தது. 1980 மார்ச்சில்தான் ரியல் நாணயம் திரும்பி வந்தது. தாய்லாந்து எல்லையில் நொங் சான் என்ற இடத்தில் உதவி அமைப்புகள் அரிசியும் விதைநெல்லும் கொடுக்க, உள்நாட்டிலிருந்து மாட்டு வண்டிகள் வரிசையாக வந்து ஏற்றிப்போயின. எல்லையோர அகதி முகாம்களில் இன்னொரு சிக்கல். தலைவர்களிடம் மூட்டையைக் கொடுத்தால் அது போராளிகளின் வயிற்றுக்குப் போயிற்று. அதனால் பெண்களையும் சிறுமிகளையும் மட்டும் வரிசையில் உட்காரவைத்து, குடும்பத்துக்கும் சேர்த்து அவர்கள் கையில் நேரடியாக அளந்தார்கள். கசிவு குறைந்தது, நிற்கவில்லை. உலகம் அனுப்பிய அரிசியில் ஒரு பங்கைத் தின்றுதான் கெமர் ரூஜ் மறுபடி எழுந்து நின்றது. சீனா ஆயுதம் கொடுத்தது, தாய்லாந்து இடம் கொடுத்தது.

போர் தொடங்கியதற்கு வியட்நாமைக் குறைசொல்ல மாட்டேன். தங்கியதற்குச் சொல்வேன். சொந்தமாக யோசித்த கம்போடியப் பிரதமர் பென் சோவானை 1981 டிசம்பரில் கைதுசெய்து ஹனோய்க்குக் கொண்டுபோய்ப் பத்தாண்டு அடைத்துவைத்தார்கள். அதைவிடக் கொடுமை கே-5. தாய்லாந்து எல்லை நெடுகக் காட்டை வெட்டி, அகழி தோண்டி, மூங்கில் முள் நட்டு, கண்ணிவெடி புதைத்து ஊடுருவலைத் தடுக்கும் திட்டம் அது. 1984இலிருந்து கிராமத்துக்கு இத்தனை பேர் என்று ஆள் பிடித்தார்கள். சமவெளி விவசாயிகளுக்கு மலேரியா எதிர்ப்புச் சக்தி கிடையாது. கொசுவலையும் மருந்தும் போதாமல் மலைக்காட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், திரும்பியவர்களில் பலருக்குக் கால் இல்லை. போல் பாட்டிடமிருந்து தப்பியவர்கள் இவர்கள். 1979 முதல் கண்ணிவெடியாலும் வெடிக்காத குண்டுகளாலும் அந்த நாட்டில் ஏறத்தாழ 20,000 பேர் இறந்திருக்கிறார்கள்.

1989 செப்டம்பரில் வியட்நாம் வெளியேறியது. 1991இல் பாரிஸ் உடன்பாடு, 1993 மே மாதம் ஐ.நா. நடத்திய தேர்தல். ஐ.நா. 1979இலேயே நாற்காலியைக் காலியாக்கி, படை விலகலையும் தேர்தலையும் ஒரே பேரமாகப் பேசியிருந்தால் கே-5 தேவைப்பட்டிருக்குமா? எனக்குத் தோன்றவில்லை.

டுய்க் மீதான விசாரணை 2009இல் தொடங்கியது. எஸ்-21இல் 12,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டதை நீதிமன்றம் உறுதிசெய்து, 2012இல் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அங்கே சாட்சியாக வைக்கப்பட்டவை, அவர் எரிக்காமல் ஓடிய அதே ஆவணங்கள்.

நன்றி, வணக்கம்.