இதயத்துக்குள் கதவைச் சாத்துவது யார்?

[திருகோணமலை, டச்பே கடற்கரை. பின்னால் கோணேசர் மலை. காற்று மைக்கில் அடிக்கிறது.]

வணக்கம் உறவுகளே! டொக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கிறாரே "லப்-டப்", அது இதயத் தசை சுருங்கும் சத்தம் என்றுதான் நிறையப் பேர் நினைத்திருக்கிறோம். கையை மடக்கித் தசையை இறுக்கிப் பாருங்கள். ஏதாவது கேட்கிறதா? அப்படியானால் உள்ளே சத்தம் போடுவது யார்? வால்வுகள். அவை மூடும்போது எழும் சத்தம்தான் அது.

பாடத்தை வேகமாக முடித்துவிடுகிறேன். நான்கு அறை, நான்கு வால்வு. மேல் அறைகளுக்கும் கீழ் அறைகளுக்கும் நடுவில் இரண்டு, அவை மூடினால் லப். கீழ் அறைகளில் இருந்து இரத்தம் வெளியே போகும் வாசல்களில் இரண்டு, அவை மூடினால் டப். ஓ.எல். விஞ்ஞானத்தில் படம் கீறிப் பெயர் எழுதியவர்களுக்கு இது போதும்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 இலட்சம் தடவை திறந்து மூடும் இந்த மெல்லிய இதழ்களை எந்தத் தசையும் இழுத்துத் திறப்பதில்லை. இரத்த அழுத்தம் எந்தப் பக்கம் கூடுகிறதோ அதற்கேற்ப அவை விலகும், சேரும். நடுவில் உள்ள இரண்டு வால்வுகளுக்கும் நூல் மாதிரி நாண்கள் உண்டு. மூடிய இதழ் மேல் அறைக்குள் புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை.

இதயத்தில் இருந்து உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்தான் பெருநாடி. அதன் வாசலில் உள்ள வால்வுக்கு நாணும் இல்லை. அப்படியென்றால் அது எப்படிச் சரியான நேரத்தில் மூடுகிறது? இதைப் பற்றி 1513 அளவில் தலையை உடைத்துக்கொண்டவர் லியனார்டோ டாவின்சி. ஆமாம், மோனாலிசா வரைந்த அதே ஆள்! மாட்டு இதயத்தில் மெழுகை ஊற்றி அச்செடுத்து, அதை வைத்துப் பெருநாடியின் அடியைக் கண்ணாடியில் செய்து, புல் விதை கலந்த தண்ணீரை அதற்குள் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தார். விதை போகும் வழியில் நீரின் ஓட்டம் தெரியும் அல்லவா? மனுஷன் வேறு மாதிரி!

அந்த வால்வின் மூன்று இதழ்களுக்கும் பின்னால் நாடிச் சுவரில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கின்றன. [கமரா மலையடிவாரத்தை நெருங்குகிறது] அதோ, பாறை இடுக்குக்குள் புகுந்த அலை நேரே திரும்பாமல் சுழன்று வருகிறது பாருங்கள். வெளியே பாயும் இரத்தத்திலும் ஒரு பங்கு அப்படித்தான் புடைப்புக்குள் சுழன்று, இதழைப் பின்னால் இருந்து மெதுவாகத் தள்ளுகிறது. ஓட்டம் நிற்கும் முன்பே இதழ்கள் நெருங்கத் தொடங்கிவிடும். லியனார்டோ வரைந்த இந்தச் சுழலை 1960களின் கடைசியில்தான் ஒக்ஸ்போர்டில் மாதிரிகள் செய்து ஓட்டிப் பார்த்து உறுதிப்படுத்தினார்கள். இன்று பெருநாடியின் அடியை மாற்றும்போது பொருத்தும் செயற்கைக் குழாய்கள் சிலவற்றில் அந்தப் புடைப்பை வேண்டுமென்றே வைக்கிறார்கள். ஒரு லைக் போட இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

சரி, பழுதுக்கு வருவோம். ஒன்றில் வால்வு முழுதாகத் திறக்காது, அல்லது முழுதாக மூடாது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். வயது போகப் போகக் கல்சியம் படிந்து பெருநாடி வால்வு இறுகலாம். நூறு பேரில் ஒருவர் இருவருக்குப் பிறவியிலேயே அதில் மூன்றுக்குப் பதிலாக இரண்டு இதழ்தான்.

மாற்றுவதென்றால் உலோகமும் கார்பனும் கலந்த வால்வு உண்டு. நீடித்து உழைக்கும், ஆனால் வாழ்நாள் முழுக்க, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வோபரின் குளிசை எடுக்க வேண்டும். வல்லாரைச் சம்பலை ஒரு நாள் அள்ளிச் சாப்பிட்டு அடுத்த கிழமை தொடாமல் விட்டால் ஐ.என்.ஆர்., அதாவது இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் அளவு, ஏறி இறங்கும், கீரையை அளவாக, ஒரே சீராகச் சாப்பிட வேண்டும். மற்றது பன்றி வால்வு, அல்லது மாட்டின் இதய உறையில் செய்த வால்வு. சைவரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் எங்கள் ஊரில், இரண்டில் ஒன்று யாராவது ஒருவருக்குச் சங்கடம்தான்! வெட்கப்படாமல் டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கடைசியாக, பிள்ளைகள் உள்ளவர்கள் கொஞ்சம் காது கொடுங்கள். தொண்டை நோவு தரும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு, சில பிள்ளைகளில் ஆள் மாறித் தன் வால்வையே தாக்கிவிடும். இரண்டு மூன்று கிழமை கழித்துக் காய்ச்சல் வரும், மூட்டுக்கு மூட்டு நோ மாறும். அதுதான் வாதக் காய்ச்சல். அது ஆறினாலும் வால்வில் தழும்பு விழலாம். இதழ்களின் ஓரங்கள் மெல்ல மெல்ல ஒட்டி வாசல் சிறுக்கும். சில பெண்களுக்கு இது பல வருடம் கழித்துக் கர்ப்ப காலத்தில்தான் தெரிய வருகிறது. அப்போது இரத்தத்தின் அளவு கூடும், சிறுத்த வாசல் தாங்காது, படுத்தால் மூச்சு முட்டும். பொருத்தமான வால்வாக இருந்தால் நெஞ்சைத் திறக்காமலே, தொடை நாளம் வழியாக பலூன் அனுப்பி விரிக்கலாம்.

வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒரு பெனிசிலின் ஊசி, பல வருடங்களுக்கு. அது நன்றாக வலிக்கும், பிள்ளை கட்டிலுக்குக் கீழே ஒளியும். "காய்ச்சல்தான் இல்லையே" என்று நிறுத்திவிடாதீர்கள். திரும்ப வரும் ஒவ்வொரு தடவையும் வால்வு இன்னும் கெடலாம்.

கேள்விகளைக் கமெண்டில் போடுங்கள். எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், நான் டொக்டர் இல்லை!