கடைசி இரண்டு அங்குலம்

நேயர்களுக்கு வணக்கம். பாரமான இயந்திர பாகத்தைத் தூக்கும்போது எல்லோரும் உஷாராகத்தான் இருக்கிறார்கள். விரல் மாட்டுவதோ இறக்கி வைக்கும்போது. "அவ்வளவுதான், வைத்தாயிற்று" என்று மனசு தளர்கிற கடைசி இரண்டு அங்குலத்தில்.

முதலில் எடை. 300 மில்லிமீட்டர் விட்டமும் 100 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்பு வட்டு 55 கிலோவைத் தாண்டும். பார்வைக்கு ஒரு ஆள் தூக்கிவிடலாம் போலத்தான் இருக்கும்.

அடியில் கொடுத்துத் தூக்கிய விரல், வைக்கும்போதும் அடியில்தான் இருக்கும். அதை உருவ இடம் வேண்டாமா? ஆகவே தூக்குவதற்கு முன்பே, வைக்கப்போகும் இடத்தில் ஒரே உயரமுள்ள இரண்டு மரக்கட்டைகளைப் போட்டுவிடுங்கள். 50 மில்லிமீட்டர் இருந்தால் கையுறை போட்ட விரலும் வெளியே வந்துவிடும். பைப் துண்டு வேண்டாம், உருளும். பிறகு பாகத்தின் ஒரு ஓரத்தைக் கடப்பாரையால் நெம்பிக் கட்டையை எடுக்கும்போது, கட்டையின் இரு பக்கத்தையும் பிடித்து இழுங்கள். மேலும் கீழுமாக விரலை வளைத்துப் பிடித்தீர்களோ, கட்டை போட்டதற்கே அர்த்தமில்லை.

சங்கிலியை இழுத்துப் பாரம் ஏற்றும் செயின் பிளாக்கில் தூக்கும்போது ஆபத்து வேறு இடத்தில். பாகத்தைச் சுற்றிக் கட்டித் தூக்கும் ஸ்லிங் தளர்வாக இருக்கையில் அது விலகாமல் கையால் பிடிப்பார்கள். இறுகும் நொடியில் விரல் ஸ்லிங்குக்கும் பாகத்துக்கும் நடுவே போய்விடும். விரித்த உள்ளங்கையால் தள்ளிப் பிடியுங்கள், இறுகுவதற்குள் கையை எடுத்துவிடுங்கள். இருவர் வேலை செய்தால் "ஏத்து", "இறக்கு" சொல்வது ஒருவர் மட்டுமே.

எனக்கு மிகவும் பயமான பழக்கம் இன்னொன்று: போல்ட் துளைகள் நேராக வந்தனவா என்று விரலை விட்டுப் பார்ப்பது. பாகம் ஒரு நூல் நகர்ந்தால் போதும், அது கத்தரிக்கோல்தான். கூம்பு முனைக் கம்பியை விட்டுத் துளையைச் சேருங்கள்.

தோல் கையுறை உலோக ஓரத்தின் கூரான பிசிரிலிருந்து காக்கும், நசுங்குவதிலிருந்து காக்காது. சுழலும் டிரில்லிங் மெஷின் பக்கம் போனால் அதையும் கழற்றிவிட வேண்டும்; சுற்றி இழுத்துவிடும். மோதிரம் வேலைக்கு வரும்போதே வேண்டாம்.

இத்தனைக்கும் மீறி விரல் துண்டாகிவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். துண்டை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகத் துண்டின்மேல் படக்கூடாது. உறைந்த திசுவை மீண்டும் ஒட்டுவது கடினம். ஆளும் பையும் ஒரே வண்டியில் போகட்டும்.