லீல் நகரத்துச் சுவர்கள்

(புதுச்சேரியில் வாசகர் வட்டம் ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகராட்சி அதிகாரி அவர்களே, நமக்கெல்லாம் பிரெஞ்சு எழுத்தைக் கற்றுக்கொடுத்த ஆசிரியப் பெருமக்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வணிகர் சங்கத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அதிகாரி ஐயாவுக்கு இன்னொரு முறை தனியாக வணக்கம் சொல்ல வேண்டும். வேலை நாள், மாலை நேரம், அலுவலகத்தில் கோப்புகள் காத்திருக்கும். அப்படியும் வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் பேசப்போவதில் பாதி அவர் காதில் விழ வேண்டியது. அதனால் அவர் வந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எண்பது வயதைக் கடந்த நம் நூலகர் ஐயா இரண்டாவது வரிசையில் இருக்கிறார். அவர் கையால் புத்தகம் வாங்கிப் படித்தவன் நான். ஐயா, இருந்த இடத்திலிருந்தே என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிரான்சின் வடகோடியில், பெல்ஜியம் எல்லைக்குப் பக்கத்தில் லீல் என்று ஒரு நகரம். என் மகள் குடும்பம் அதற்கு அடுத்த ஊரான ரூபேயில் இருக்கிறது. அவர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் லீலுக்குப் போய் நடப்பேன். அந்த ஊரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று அதன் வீடுகள், இரண்டு அதன் சந்தை, மூன்று அதன் சாப்பாடு.

நான் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவன். என் அப்பா கொத்தனார். "சுவரை வைத்துத்தான் சித்திரம்" என்ற பழமொழியை அவர் சொல்லாத நாள் கிடையாது. எனக்கு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்க்கத் தோன்றும்.

லீலில் பார்க்க வேண்டிய முதல் சுவர் கிராண்ட் பிளாஸ் என்ற பெரிய சதுக்கத்தில் இருக்கிறது. வியேய் பூர்ஸ் என்று பெயர். வணிகர்கள் கூடிப் பேரம் பேசுவதற்காகக் கட்டிய கூடம். அப்போது லீல் பிரான்சில் இல்லை. ஃபிளாண்டர்ஸ் பகுதியைச் சேர்ந்தது, ஸ்பெயின் அரசரின் ஆட்சியில் இருந்தது. மழையிலும் குளிரிலும் வெட்டவெளியில் நின்று வியாபாரம் பேசிய வணிகர்களுக்கு ஒரு கூரை வேண்டியிருந்தது. 1652, 1653ஆம் ஆண்டுகளில் ஜூலியன் தெஸ்த்ரே என்ற கட்டடக் கலைஞர் அதைக் கட்டினார். நடுவில் ஒரு முற்றம், அதைச் சுற்றி 24 வீடுகள். ஒவ்வொரு வீடும் தனியார் சொத்து. ஆனால் எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே முகப்பு. மனையை வாங்கியவர் தன் செலவில் கட்டிக்கொள்ளலாம், ஆனால் நகரம் ஒப்புக்கொண்ட வரைபடத்தை ஒரு விரற்கடை மீறக்கூடாது. சொத்து உன்னுடையது, தெருவுக்குத் தெரியும் முகம் ஊருடையது. 370 ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர் இதை ஏற்றுக்கொண்டு கட்டியிருக்கிறது.

செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வரும் சுவர். சன்னல்களுக்கு மேல் பழக்கொத்துகள், பூமாலைகள், மனித முகங்கள் எல்லாம் கல்லில் செதுக்கியிருக்கின்றன. இதுதான் ஃபிளெமிஷ், அதாவது ஃபிளாண்டர்ஸ் பகுதிக்காரர்களின் கைவண்ணம். வாழ்க்கை செழிப்பாக இருக்கிறது என்பதை வாசலிலேயே காட்டிவிடுகிற குணம் அதற்கு உண்டு. இப்போது அந்த முற்றத்தில் பழைய புத்தகம் விற்கிறார்கள். ஓரத்தில் பெரியவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம்.

1667 ஆகஸ்டில் பதினான்காம் லூயி படையோடு வந்து லீலைப் பிடித்தார். பிடித்த கையோடு வொபான் என்ற கோட்டைக் கட்டுநரை அழைத்து ஐந்து முனை நட்சத்திர வடிவில் ஒரு கோட்டை கட்டச் சொன்னார். 1670க்குள் வேலை முடிந்துவிட்டது. இன்றும் ராணுவம் அங்கே இருக்கிறது. சுற்றிலும் உள்ள அகழியோரம் மக்கள் காலையில் ஓடுகிறார்கள்.

ஆட்சி மாறியதும் புதிய ராஜா பழைய முகப்புகளை இடித்துத் தள்ளவில்லை. வியேய் பூர்ஸுக்கு எதிரே 1687இல் சிமோன் வொலான் ஒரு வரிசை வீடுகள் கட்டினார், 14 வீடுகள். ரான் துய் போரகார் என்பார்கள். அதில் பிரெஞ்சுக்காரர்களின் ஒழுங்கும் இருக்கிறது, ஃபிளெமிஷ் பூவேலையும் இருக்கிறது. இரண்டும் கைகோத்து நிற்கின்றன. அதைப் பார்த்தபோது எனக்கு நம் ஆனந்த ரங்கப் பிள்ளை மாளிகைதான் நினைவுக்கு வந்தது. கீழே மரத்தூண்களும் முற்றமும் நம்முடையவை, மேல்மாடித் தூண்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. அவர் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தது புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம். அந்தத் துய்ப்ளேக்ஸ் பிறந்த லாந்திரசி என்ற சிற்றூரும் லீல் தலைநகராக இருக்கிற அதே நோர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. லீலுக்கும் புதுச்சேரிக்கும் அவ்வளவு பழைய உறவு.

இப்போது ஒரு கதை. இதைச் சொல்லாமல் லீலைப் பற்றிப் பேச முடியாது.

1792. பிரான்சில் புரட்சி நடந்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரியப் படை வந்து லீலைச் சுற்றி வளைத்துவிட்டது. சரணடையச் சொல்லித் தூது வருகிறது. அந்த ஊர் மேயர் பெயர் ஆந்த்ரே. அரசர் இல்லை, தளபதி இல்லை, நம்மூர் நகராட்சித் தலைவர் மாதிரி ஒருவர். அவர் பதில் எழுதுகிறார்: நாட்டுக்கு விசுவாசமாக இருப்போம் என்று இப்போதுதான் சத்தியம் செய்திருக்கிறோம், சத்தியத்தை முறிப்பவர்கள் நாங்கள் இல்லை. அவ்வளவுதான் பதில். செப்டம்பர் 29ஆம் தேதி குண்டுமழை தொடங்குகிறது. சும்மா குண்டு இல்லை, உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு. விழுந்த இடமெல்லாம் தீப்பிடிக்கும். சேன்த் எத்தியேன் தேவாலயம் எரிந்துபோனது. ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த சேன் சோவேர் பகுதி எரிந்தது. மக்கள் தெருத்தெருவாகத் தண்ணீர்த் தொட்டி வைத்துக்கொண்டு, விழுந்த குண்டை இடுக்கியால் தூக்கித் தண்ணீரில் போட்டு அணைத்தார்கள்.

இந்த நேரத்தில் ஒரு நாவிதர். பெயர் மாஸ். வீட்டுப் பக்கம் குண்டு விழுந்து வெடிக்கிறது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? பிள்ளைகுட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அவர் என்ன செய்தார் தெரியுமா? வெடித்த குண்டின் ஓடு ஒன்று கீழே கிடக்கிறது, கிண்ணம் மாதிரி வளைந்த துண்டு. அதை எடுத்தார். அதில் தண்ணீர் ஊற்றினார், சோப்பைக் குழைத்தார். நடுத்தெருவில் நின்று, யாருக்குச் சவரம் வேண்டும் என்று கேட்டார்! ஆட்கள் வந்தார்கள். ஒருவர் இல்லை, வரிசையாக வந்தார்கள். குண்டு பறந்துகொண்டே இருக்கிறது, இவர் சவரம் செய்துகொண்டே இருக்கிறார். (பலத்த கைதட்டல்.) நீங்கள் கைதட்டுகிறீர்கள். லீல் மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், படமாகவும் வரைந்து வைத்திருக்கிறார்கள். அக்டோபர் 8ஆம் தேதிக்குள் ஆஸ்திரியப் படை முற்றுகையைக் கைவிட்டுவிட்டது. மேயரின் பதிலைக் கிராண்ட் பிளாஸ் நடுவில் உள்ள தூணின் அடியில் பொறித்திருக்கிறார்கள். 1845இல் வைத்த தூண் அது. உச்சியில் ஒரு பெண் உருவம், கையில் பீரங்கிக்குத் தீ வைக்கும் கோலோடு நிற்கிறது.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன்? அந்தக் குண்டுகள் இன்றும் சில வீட்டுச் சுவர்களில் பதிந்திருக்கின்றன. சன்னலுக்குப் பக்கத்தில் கறுப்பாக, உருண்டையாகத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியை கூட்டிவந்து, அதோ பாருங்கள் என்று காட்டுகிறார். அந்தச் சுவர் இல்லையென்றால் மாஸ் கதையை எதைக் காட்டிச் சொல்வது? சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று அப்பா சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு அங்கேதான் விளங்கியது.

லீல் என்றைக்கும் இவ்வளவு அழகாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பழைய லீல் பகுதி சீரழிந்து கிடந்தது. ஒரு வீட்டில் பல குடும்பங்கள், ஒழுகும் கூரை, ஈரம் ஏறிய சுவர். அந்த அழகான செங்கல்லையும் கல்லையும் மூடி மேலே பூச்சு பூசியிருந்தார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பதுதான் அன்றைக்குப் படித்தவர்கள் பலரின் பேச்சு. அப்போது அந்த ஊரில் கொஞ்சம் பேர் எழுந்து நின்றார்கள். 1964இல் பழைய லீலை மீட்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1962இல், பண்பாட்டு அமைச்சராக இருந்த ஆந்த்ரே மால்ரோ ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார். ஒரு தனிக் கட்டடத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது, அது நிற்கிற பகுதி முழுவதையும் காப்பாற்ற வேண்டும் என்பது அந்தச் சட்டம். 1967இல் பழைய லீல் அதன் கீழ் வந்தது. பிற்காலத்தில், பழைய வீட்டைப் பழுதுபார்க்கிறவருக்கு வரிச் சலுகையும் சேர்ந்தது. பூச்சை உரித்தபோது உள்ளே பழைய செங்கல் அப்படியே இருந்தது.

அதிகாரி ஐயா, இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பழைய சுவர் சுண்ணாம்பால் கட்டியது. உள்ளே ஏறுகிற ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உதிரும். அப்புறம் "பழைய கட்டடம், பலமில்லை" என்று எழுதி இடிக்க அனுமதி வாங்கிவிடுகிறார்கள். நம் தமிழர் பகுதியில் இதுதான் நடக்கிறது. என் வீட்டுக்கு எதிரிலேயே நடந்தது. திண்ணை, தாழ்வாரம், தேக்குத் தூண், மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பால் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் எல்லாம் இருந்த வீடு. தூணை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். இன்று அங்கே கண்ணாடி முகப்போடு மூன்று மாடி நிற்கிறது. தாழ்வாரத்தில் வெயிலுக்கு ஒதுங்கிய பூக்காரம்மாவுக்கு இப்போது நிழல் கிடையாது.

நம்மால் முடியாதது ஒன்றும் இல்லை. வைசியாள் வீதியைச் சீர்செய்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருது வந்தது. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி என்ற பழைய நகர மண்டபக் கட்டடம் இடிந்து விழுந்தது. அதைப் பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டினோம். விழுந்ததையே எழுப்பத் தெரிந்த ஊருக்கு, நிற்பதைத் தாங்கிப் பிடிக்கத் தெரியாதா? வெள்ளையர் பகுதியை எல்லோரும் படம் எடுக்கிறார்கள், நல்லதுதான். வாய்க்காலுக்கு மேற்கே, நம் தமிழர் பகுதியில் இருக்கிற வீடுகளும் அதே வயதுதானே!

லீலில் நடந்த ஒரு தவறையும் நாம் மறக்கக் கூடாது. பழைய பகுதி அழகானதும் வாடகை ஏறியது. அங்கே இருந்த ஏழைக் குடும்பங்கள் பல வெளியே போக வேண்டியிருந்தது. இப்போது அங்கே துணிக்கடைகளும் மிட்டாய்க் கடைகளும்தான் அதிகம். நமக்கு அது வேண்டாம். வீட்டைக் காப்பாற்றுகிற திட்டத்திலேயே குடியிருப்பவரைக் காப்பாற்றுகிற விதியும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். ஆளில்லாத சுவரில் யார் சித்திரம் எழுதுவது?

சந்தையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். செப்டம்பர் முதல் வார இறுதியில் பிராதெரி என்ற மாபெரும் பழம்பொருள் சந்தை கூடும். ஊர் முழுக்கத் தெருவோரம் கடைதான். வீட்டுப் பரணில் கிடந்ததெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். உணவுக்கடைகளில் மட்டியும் வறுத்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு ஓடுகளைக் கடைவாசலிலேயே குவிப்பார்கள், ஆள் உயரத்துக்கு. சாப்பாடு என்ற மூன்றாவது செய்தி இதோடு சேர்ந்துகொள்ளட்டும்.

தாய்மார்கள் இருப்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் தோள்பட்டைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறதே, காசநோய் வராமல் தடுக்கப் போடும் பிசிஜி ஊசித் தழும்பு, அந்த ஊசி மருந்து லீலில் பிறந்தது. அங்குள்ள பாஸ்தர் நிறுவனத்தில் கால்மெத், கெரேன் என்ற இருவர் 1908இல் தொடங்கி, முதல் உலகப்போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்திருந்த காலத்திலும் வேலையை விடாமல் அந்தத் தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டில் 1948 முதல் அதைத் தயாரித்தது சென்னை கிண்டியில். லீலுக்கு நாம் எல்லோருமே நன்றிக்கடன் பட்டவர்கள்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். அவருக்கும் மேடை அமைத்த பிள்ளைகளுக்கும் நன்றி. போகும்போது வாசலில் ஒரு மேசை இருக்கும். அதில் ஒரு மனு வைத்திருக்கிறோம். மூன்று கோரிக்கைகள். தமிழர் பகுதியில் தெருவுக்குத் தெரியும் முகப்பை இடிக்க அனுமதி கேட்டால், சுண்ணாம்பு வேலை தெரிந்த பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சான்று தந்த பிறகே தர வேண்டும். பழுதுபார்க்கிறவருக்கு வீட்டு வரியில் சலுகை வேண்டும். வேலை முடிந்ததும் பழைய வாடகைக்காரர் அதே வீட்டுக்குத் திரும்பி வர உரிமை வேண்டும். பெயர், வீதி, வீட்டு எண் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் போடலாம், அவசியம் போட வேண்டும். அதிகாரி ஐயா புறப்படுவதற்கு முன் அந்தத் தாள்களை அவர் கையிலேயே கொடுக்கப்போகிறோம். அதனால் காபியை அப்புறம் குடிக்கலாம், முதலில் மேசைக்கு வாருங்கள். வணக்கம்.