மஞ்சள் சலான்

நேயர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. கணக்கு, ஸ்டாக், உற்பத்தி எல்லாவற்றையும் கிளவுட் மென்பொருளுக்கு, அதாவது இணையம் வழியாக ஓடுகிற மென்பொருளுக்கு, மாற்றித் தர என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போய் உட்கார்ந்ததும் டீ வந்தது, கூடவே ஒரு பட்டியலும் வந்தது. மென்பொருளில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று 62 கோரிக்கைகள்.

அதில் பதினேழாவது இது. சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பும்போது போடுகிற சலான் 4 பிரதி வர வேண்டும், நான்காவது மஞ்சள் தாளில் இருக்க வேண்டும். மென்பொருள் 3 பிரதிதான் கொடுக்கிறது. ஜி.எஸ்.டி. விதி கேட்பதும் அவ்வளவுதான்: சரக்கைப் பெறுகிறவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, அனுப்பியவருக்கு ஒன்று.

"நாலாவது எதுக்குங்க?" என்று கேட்டேன். கணக்குப் பிரிவில் யாருக்கும் தெரியவில்லை. "எப்பவும் போடறதுதானுங்க" என்றார்கள். கடைசியில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்தான் சொன்னார்: "அது வாளையார் செக்போஸ்ட்ல குடுக்கறதுங்க தம்பி. கேரளாவுக்கு லோடு போறப்ப கேப்பாங்க. அப்புறம் எல்லாச் சலானுக்கும் அதே புத்தகத்தையே அடிச்சுட்டோம்."

வணிகவரிச் சோதனைச் சாவடிகள் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு போய்விட்டன. இல்லாத சாவடிக்காக ஒரு மென்பொருளை மாற்றி எழுதப் பணம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் அந்த முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். ஓடுகிற கம்பெனியில் ஒரு பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேட யாருக்கு நேரம் இருக்கிறது? வேடிக்கை வேறு ஒன்று. அவர் 85, 90, 95 என்று சைஸ் போட்டு ஊருக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்புகிறவர். மென்பொருள் மட்டும் அளவெடுத்துத் தைத்தது வேண்டுமாம். இதைச் சொன்னபோது அவரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு பட்டியலில் அடிப்பது சுலபமாகிவிட்டது.

மென்பொருளை நம் வழக்கத்துக்கு மாற்றுவதா, நாம் மென்பொருளின் வழிக்கு மாறுவதா? பழைய காலத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக இல்லை. மென்பொருளை வாங்கி நம் அலுவலகக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வோம், இஷ்டத்துக்கு மாற்றுவோம், புதுப் பதிப்பு வந்தால் வேண்டாம் என்று பத்து வருடம்கூடத் தள்ளிப்போடுவோம். கிளவுடில் அது நடக்காது. ஆயிரம் கம்பெனிகளுக்கும் ஓடுவது ஒரே மென்பொருள். ஆரக்கிள் ஃப்யூஷன் என்கிற கிளவுட் மென்பொருளில் 3 மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும், சேல்ஸ்ஃபோர்ஸ் என்கிற இன்னொன்றில் வருடத்துக்கு 3 முறை. நம் ஆள் அதன்மேல் ஒட்டவைத்த நிரல் அன்றைக்கும் ஓடுமா என்பதை ஒவ்வொரு தடவையும் நாம்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன், வேறொரு கம்பெனியில், பீஸ் ரேட் கூலியை, அதாவது பீஸுக்கு இவ்வளவு என்று தருகிற கூலியை, அவர்கள் நோட்டில் போடுகிற மாதிரியே போட்டுத் தர ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். பெருமையாகவும் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்தது. மறுநாள் சனிக்கிழமை, திருப்பூரில் சம்பள நாள். மாலை 6 மணிக்குப் பட்டியலை எடுத்தால் ஓவர்லாக் டெய்லர்கள் எல்லோருக்கும் கூலி பூஜ்யம். வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள், பலர் ஊருக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். நானும் இரண்டு கணக்குப் பிள்ளைகளும் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு இரவு பத்தரை வரை கூட்டினோம். தவறு மென்பொருளுடையது அல்ல. வரப்போகிற தேதியை முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். சோதித்துப் பார்க்காதது நான்.

இதே கதை எவ்வளவு பெரிதாகப் போகும் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகர மன்றத்தைப் பார்க்கலாம். 1999 முதல் எஸ்.ஏ.பி. மென்பொருளில் இருந்தவர்கள், 2022 ஏப்ரலில் ஆரக்கிளின் கிளவுட் மென்பொருளுக்கு மாறினார்கள். மென்பொருளின் வழிக்கே நாம் மாறிக்கொள்வோம் என்றுதான் ஆரம்பித்தார்கள். போகப்போக, பழைய வழக்கத்துக்கு ஏற்றபடி மென்பொருளை வளைத்தார்கள். வங்கிக்கு வந்த பணத்தையும் கணக்கில் எழுதியதையும் ஒத்துப் பார்க்கிற வேலைக்குத் தனியாக ஒன்றைச் செய்து வைத்தார்கள். அதுதான் உதைத்தது. வந்த பணம் யார் கட்டியது, எந்தக் கணக்குக்கு என்று ஆட்கள் உட்கார்ந்து கையால் பார்க்க வேண்டியதாயிற்று. சுமார் 2 கோடி பவுண்டில் முடியும் என்று நினைத்த வேலையின் மதிப்பீடு 10 கோடி பவுண்டைத் தாண்டியது. 2023 செப்டம்பரில் அந்த மன்றம் தன்னால் செலவுகளைச் சமாளிக்க முடியாது என்று சட்டப்படி அறிவித்தது. பெண் ஊழியர்களுக்குத் தர வேண்டிய சம ஊதிய பாக்கி அதற்குப் பெரிய காரணம், முழுப் பழியையும் மென்பொருள்மேல் போடக் கூடாது. ஆனால் பிறகு அதே மென்பொருளை, இந்தத் தடவை அதிகம் வளைக்காமல், முதலிலிருந்து போடத் தொடங்கினார்கள்.

சரி, அப்படியானால் மென்பொருள் சொல்கிறபடியே எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானா? அதுவும் இல்லை. அந்தப் பட்டியலில் நாற்பத்தோராவது கோரிக்கைக்கு வருகிறேன்.

ஸ்டோர்ப் பெரியவர் என்னை ஜன்னலோரம் கூட்டிப்போய் இரண்டு துண்டுத் துணியை நீட்டினார். இரண்டும் நேவி ப்ளூ, ஒரே கலர் நம்பர். டியூப் லைட் வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியவில்லை. வெயிலில் பிடித்தபோது ஒன்றில் லேசாகச் சிவப்பு அடித்தது. வெவ்வேறு லாட்டில், அதாவது வெவ்வேறு தடவையில், சாயம் ஏறியவை. லாட் லாட்டாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் அந்தக் கோரிக்கை. மென்பொருள் இரண்டையும் கூட்டி 'நேவி ப்ளூ 412 கிலோ' என்று காட்டும். கட்டிங் மாஸ்டர் அதை நம்பி உடம்பை ஒரு லாட்டிலும் கையை இன்னொரு லாட்டிலும் வெட்டினால் வெளிநாட்டு பையர் மொத்தச் சரக்கையும் ரிஜெக்ட் செய்துவிடுவார். "இதை விட்டுக் குடுக்க முடியாதுங்க" என்றார் பெரியவர். அவர் சொன்னது சரி. இது செக்போஸ்ட் பழக்கம் மாதிரி இல்லை, இதில்தான் கம்பெனிக்குச் சோறு.

நான் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இது இல்லாவிட்டால் யாருக்கு, எவ்வளவு நஷ்டம்? மஞ்சள் சலானுக்குப் பதில் இல்லை. துணியின் ஷேடு விஷயத்தில் பதில் ரூபாயில் வருகிறது. ஒப்புதல் ஆன பில்லைச் சுவடு தெரியாமல் திருத்த வேண்டும் என்று ஒரு கோரிக்கை இருந்தது. அதற்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. அவர்கள் பிரைவேட் லிமிடெட். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு கட்டாயம்.

பதில் ரூபாயில் வந்தாலும் உடனே நிரல் எழுதக் கிளம்ப வேண்டாம். லாட் வாரியாக ஸ்டாக் வைக்கிற வசதி அந்த மென்பொருளிலேயே இருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதைச் செட்டிங்கில் போட்டுவிட்டோம். ஒரு ஆர்டருக்கு எந்த லாட்டை வெட்டலாம் என்று காட்ட மட்டும் ஒரு சின்னத் திரை செய்தோம். அதுகூட மென்பொருளுக்கு வெளியே தனியாக நிற்கிறது, ஏ.பி.ஐ. வழியாக, அதாவது வெளி நிரல்கள் விவரம் கேட்பதற்கென்று மென்பொருளே வைத்திருக்கிற வாசல் வழியாக, விவரத்தைப் படித்துக்கொள்ளும், அவ்வளவே. புதுப் பதிப்பு வந்து அது நின்றுபோனாலும், பெரியவர் ஒருநாள் ஜன்னலோரம் போய்ப் பார்த்துக்கொள்வார். சம்பளம் நிற்காது.

62 கோரிக்கையில் கடைசியில் நிரலாக எழுதியது அந்த ஒன்றைத்தான். பதினைந்து போலச் செட்டிங்கில் முடிந்தது. மிச்சத்துக்கு ஆட்கள்தான் மாறினார்கள். முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. முதல் மாதம் ஒரு கணக்குப் பிள்ளை வேலையை விட்டுவிடுவேன் என்றுகூடச் சொன்னார். மென்பொருளுக்குச் செலவு செய்கிறவர்கள் அந்த ஒரு மாதத்துக்கும் செலவு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பழைய நோட்டும் புதுத் திரையும் சேர்ந்து ஓடும், வேலை இரட்டிப்பாகும், முதலாளி பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். மஞ்சள் சலான் புத்தகங்கள் ஸ்டோரில் இன்னும் ஒரு கட்டு கிடக்கின்றன. பெரியவர் அதன் பின்பக்கத்தில் டீக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

வணக்கம்.