ஒரே கணக்கை மூன்று விதமாக எழுத வேண்டுமா? சேலம் நேயரின் சந்தேகம்

அடுத்த கேள்வி சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து. ஏற்காடு மலைக் கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிற அக்கா கேட்டிருக்கிறார்: "மூன்று துறைகளிடம் மானியம் வாங்குகிறோம். மூன்றுக்கும் வேறு வேறு படிவம். அமெரிக்காவில் இதையெல்லாம் ஒரே மாதிரி ஆக்கச் சட்டமே இருக்கிறதாமே, உண்மையா? நம் நாட்டில் அப்படி உண்டா?"

உண்மைதான் அக்கா. அரசு மானியம் வாங்குகிறவர்கள் கொடுக்கும் அறிக்கைகளுக்கான சட்டம் அது. கிரேட் ஆக்ட் என்று சுருக்கிச் சொல்வார்கள். 2019 டிசம்பர் 30-ல் சட்டமானது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே படிவம் என்று அது சொல்லவில்லை. படிவத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் எல்லாத் துறையிலும் ஒரே பொருள் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். நாகலூரில் ஒரு மையம் நடத்துகிறீர்கள் என்று வையுங்கள். "பயனாளிகள் எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு ஒரு துறை சேர்ந்த பிள்ளைகளை எண்ணச் சொல்லும், இன்னொன்று ஒழுங்காக வருகிறவர்களை, மற்றொன்று குடும்பங்களை. மூன்று எண்ணும் நிஜம். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற தணிக்கையாளருக்கு நீங்கள் பொய் சொன்ன மாதிரி தெரியும்! இந்தக் குழப்பத்தைத்தான் அந்தச் சட்டம் குறிவைக்கிறது. பொதுத் தரங்களை வகுக்க 2 ஆண்டு கெடு கொடுத்தது. சட்டம் வந்த மறுநாளே படிவம் மாறிவிடாது, அங்கேயும்தான்.

அப்புறம், விவரங்கள் கணினியால் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாம் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, ஸ்கேன் செய்து ஏற்றுகிறோமே, அது கணினிக்கு வெறும் படம். அதிலிருந்து யாரும் கூட்டல் போட முடியாது. இதற்கு முன்பே 2014-ல் அமெரிக்காவில் வந்த டேட்டா ஆக்ட் என்ற சட்டம், அரசு யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதைப் பொதுத் தரத்தில் வெளியிடச் சொன்னது. 2019-ல் வந்த கிரேட் ஆக்ட், மானியம் வாங்கியவர் கொடுக்கும் அறிக்கைக்கும் அதை நீட்டியது.

சரி, நமக்கு? மத்திய அரசு மானியம் என்றால் 2017-ம் ஆண்டின் பொது நிதி விதிகள் இருக்கின்றன. நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது மானியத்தை எப்படிச் செலவழித்தோம் என்ற சான்று, கொடுக்க வேண்டும். அதற்கான படிவம் 12-ஏ. பணம் போகும் பாதையை மத்திய அரசின் பொது நிதி மேலாண்மை இணையதளமான பிஎஃப்எம்எஸ் காட்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ம் பிரிவு, மானியத் திட்டங்களின் தொகை, பயனாளி விவரங்களைத் துறைகளே முன்வந்து வெளியிடச் சொல்கிறது. மாநிலத் துறைகளோ தங்கள் விதிப்படிதான் கேட்கும். "பயனாளி" போன்ற ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லாத் துறைக்கும் பொதுவான ஒரே விளக்கம்தான் இல்லை. என்னைக் கேட்டால், இன்னொரு இணையதளத்தைவிட அதுதான் முதலில் வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். உங்கள் எக்ஸெல்லில் ஒரே மூலப் பதிவேடு வையுங்கள். சேர்ந்தவர், வருகிறவர், குடும்பம் மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி. செலவையும் 12-ஏ கேட்கிறபடி பொதுச் செலவு, சம்பளம், சொத்து உருவாக்கம் என்று அன்றன்றே பிரித்து எழுதுங்கள். போன வருட மீதி, மானியப் பணத்துக்கு வங்கி கொடுத்த வட்டி, அரசுக்குத் திருப்பிக் கட்டிய வட்டி, இவற்றுக்கும் பத்தி வேண்டும். வட்டியை எழுத மறந்துவிடாதீர்கள்.